செவிலி வீடு

பெற்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் வேறு பிரித்துப் பெயரிட்டது நம் மொழி. அகப்பாடல்களைப் படித்த மாணவர் இதனை நன்கு அறிவர். நீராட்டி, கதை சொல்லிச் சோறூட்டி, கூந்தல் வாரி வளர்த்தவள் செவிலி. ஆயினும் வளர்ந்த பெண் ஒருநாள் தான் விரும்பியவனோடு வழிநடந்து போய்விடுகிறாள். வெயில் காயும் பாலை வழியிலே அவளைத் தேடிச் செல்கிறவளும், எதிர்ப்பட்ட பெரியோர் சொற் கேட்டு ஆறித் திரும்புகிறவளும் செவிலியே. வளர்த்தல், பின்பு வழியனுப்புதல் என்னும் இரண்டும் சேர்ந்ததே அவளுடைய கடமை.

இந்த அழகிய பெயரை நாய்க்குட்டிகளின் பொருட்டு இரவலாகக் கேட்க வந்திருக்கிறேன். தமிழ்ப் புலவர்கள் பொறுத்தருள்வார்களாக.

தெருவிலும் சந்தையிலும் கைவிடப்பட்ட குட்டியொன்றை ஒரு குடும்பம் தன் வீட்டுக்குக் கொண்டுவருகிறது, தனக்கென்று அன்று. சில கிழமைகளோ சில மாதங்களோ வைத்திருந்து, நோய் தீர்த்து, தடுப்பூசி போடுவித்து, மனிதரோடு பழக்கி, நிலையான வீடு ஒன்று கிடைத்ததும் தத்துக் கொடுத்துவிடுகிறது. மேலைநாடுகளில் இவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. பிராணிகளைக் காக்கும் சங்கங்கள் பலவற்றில், கூண்டுகளில் இருக்கும் நாய்களைப் போலவே அன்பர்களின் வீடுகளில் தங்கியிருக்கும் நாய்களும் உண்டு. தமிழில் இதனைத் தற்காலிகப் பராமரிப்பு என்று சிலர் எழுதுகின்றனர். அதில் அலுவலகக் கடதாசியின் வாடை வீசுகிறது. செவிலி வீடு என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

மன்னார்க் கரையில்

தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து பேசாலை வழியாக மன்னார்ப் பட்டினம்வரை வருகிறவர் நாயைக் காணாத இடம் இல்லை. கழுதைகளும் அப்படியே. மன்னார்க் கழுதைகளை வெளியூரார் வந்து படம் பிடிக்கின்றனர்; அவற்றுக்கெனச் சிகிச்சை நிலையம் ஒன்றும் அண்மை ஆண்டுகளில் இங்கே நிறுவப்பட்டது. நாயைப் படம் பிடிக்க எவரும் வருவதில்லை. நாய் எல்லா ஊரிலும் உண்டு அன்றோ!

மீன் இறங்கும் கரையில் நாய்க்குப் பஞ்சம் வருவதில்லை. வலையிலிருந்து உதறிய சிறுமீனும், கருவாட்டுக்கு வகிர்ந்த மீனின் குடலும் அதற்குப் போதும். ஆனால் மீன் ஓடும் பருவத்தை ஒட்டி வாடிகள் இடம் மாறுகின்றன. கிடுகும் தடியும் கழற்றப்பட்டு லொறியில் ஏறுகின்றன. அந்த வாடியை அண்டிப் பிழைத்த நாய் ஏற்றப்படுவதில்லை. வெறுங்கரையில் சில நாள் படுத்துக் கிடந்துவிட்டு, பசி மிகுந்ததும் பட்டினத்தை நோக்கி நடக்கிறது.

போரையும் சொல்லாமல் விட இயலாது. 1990 முதல் 2009 வரையான ஆண்டுகளில் இம்மாவட்டத்து மக்கள் ஒரு முறை அன்று, பல முறை வீடிழந்து போனார்கள். தீவிலிருந்தும் பெருநிலப் பரப்பிலிருந்தும், தமிழரும் முஸ்லிம்களும், இந்துக்களும் கத்தோலிக்கரும் அவரவர் முறை வந்தபோது மூட்டை கட்டினார்கள். இடுப்பில் குழந்தையும் தலையில் பொதியுமாகப் போனவர் நாயைக் கொண்டுபோக முடியுமா? ஆளற்ற வளவின் படலையில் காவலிருந்த நாய்களைப் பற்றி நம் முதியோர் இன்றும் குரல் தாழ்த்தியே பேசுகின்றனர்.

இன்று சந்தையருகில் உரப்பையில் கட்டிப் போடப்படும் குட்டிகள் போரினால் வந்தவை அல்ல. அவற்றைத் தூக்கிப் பார்த்தால் காரணம் விளங்கும். பெரும்பாலும் பெட்டைகள். கடுவன் குட்டிகள் வீட்டிலேயே கேட்டு வாங்கப்பட்டுவிடும். பெட்டைக்கு ஆள் இல்லை. ஏன்? பெட்டை நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவமடைகிறது. அந்நாட்களில் ஊர்க் கடுவன்கள் அத்தனையும் படலையில் வந்து நின்று சண்டையிடும். பின்னர் ஏறத்தாழ 63 நாளில் ஐந்தோ ஆறோ குட்டிகள். ஏழைக் குடும்பம் ஒன்று அஞ்சுவது இதற்கே.

ஒரு பெட்டையிலிருந்து ஆறே ஆண்டில் 67,000 நாய்கள் பெருகும் என்று துண்டுப் பிரசுரங்களில் அச்சிடுகின்றனர். அக்கணக்கை மாணவர் நம்ப வேண்டியதில்லை. பிறந்த குட்டி ஒவ்வொன்றும் பிழைத்து ஈன்றால் அல்லவா அந்த எண் வரும்? தெருவிலே பிறக்கும் குட்டிகளிற் பெரும்பகுதி முதலாண்டைக் காண்பதில்லை. பசியும் நோயும் சக்கரமும் கொண்டுபோய்விடுகின்றன. பெருக்கத்தைவிட இந்த அழிவே எனக்குப் பெரிய துயராகப் படுகிறது.

உரப்பையைக் கொண்டுவந்து போடுகிறவரைக் கல்நெஞ்சர் என்று ஏசுவது எளிது. எங்கே போடுகிறார் என்று பாருங்கள். கோயில் வாசலில், மீன்கடை அருகில், பள்ளிக்கூட மதிலோரத்தில். அங்கே யாராவது ஒருபிடி சோறு போடுவார் என்னும் நம்பிக்கை அவருக்கு இருக்கிறது. கொல்லவும் மனமின்றி, வைத்திருக்கவும் வழியின்றிச் சுமந்து வருகிறார். அந்த நம்பிக்கை வீண்போகாமல் இருக்க வேண்டுமானால் மறுபக்கத்தில் ஒரு வீடு திறந்திருக்க வேண்டும்.

சென்னையில் ஒரு வீடு

அப்படித் திறந்த வீடு ஒன்று அடுத்த கரையில் இருந்தது. கப்டன் வி. சுந்தரம் விமான ஓட்டி. அவர் மனைவியார் உஷா சுந்தரமும் விமான ஓட்டியே. 1951இல் இலண்டனிலிருந்து பம்பாய்க்கு டவ் என்னும் சிறு விமானத்தை 27 மணி நேரத்தில் ஓட்டி வந்த தம்பதியர் இவர்கள். 1959இல் சென்னையில் பெருமழை. வெள்ளம் ஓடும் தெருவில் காரில் சென்ற சுந்தரம், நீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் கண்டார். வண்டியை நிறுத்தி இறங்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பிராணிகள் அவ்வீட்டுக்கு வந்தன. புளூ குறொஸ் என்று உலகறிந்த இந்திய நிறுவனத்தின் தொடக்கம் இதுவே. கட்டடமோ நிதியோ முதலில் வரவில்லை. வீட்டுத் திண்ணைதான் வந்தது.

அவர்கள் குட்டிகளை எடுத்து வளர்த்ததோடு நின்றிருந்தால் இன்று நாம் பேசவேண்டியதில்லை. சென்னை மாநகராட்சி அந்நாளில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. நூறாண்டு கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை. ஓரிடத்து நாயை அகற்றினால் அவ்விடத்துக் குப்பையும் எச்சிற் சோறும் அகல்வதில்லை. அடுத்த தெரு நாய் வந்து குடிபுகும். ஆகையால் கொல்வதை விடுத்து, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து, விசர்நோய்த் தடுப்பூசி போட்டு, எடுத்த இடத்திலேயே விடவேண்டும் என்று புளூ குறொஸார் 1960களின் நடுப்பகுதியிலேயே சொன்னார்கள், செய்தும் காட்டினார்கள். அப்போது நகைத்தவர் பலர். 2001இல் இந்திய அரசு அம்முறையையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது.

நம் நாட்டிலும் கதை ஏறத்தாழ இதுவே. 1893ஆம் ஆண்டின் விசர்நோய்ச் சட்டம் கட்டாக்காலி நாயைக் கொல்ல அதிகாரிகளுக்கு இடம் கொடுத்தது. 2006இல் கொல்லும் வழக்கத்தை நிறுத்துவது என்று அரசு முடிவு செய்தது. தடுப்பூசியும் கருத்தடையும் அதன் இடத்தைப் பிடித்தன. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் விசர்நோயால் இறந்தனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை சில பத்துகளாகச் சுருங்கிவிட்டது. சுருக்கியது தடுப்பூசியே. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் தொடர்ந்து பரவாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. செவிலி வீட்டிலிருந்து போகும் ஒவ்வொரு குட்டியும் அந்த எழுபதுக்குள் ஒன்று.

முதற் பதினான்கு நாள்

இனி வீட்டுக்குள் வருவோம். என் வீட்டிலும் இது சில ஆண்டுகளாக நடந்து வருவதால், கண்டதையே எழுதுகிறேன்.

குட்டி வந்தவுடன் பிள்ளைகள் மடியில் வைத்துக்கொள்ளத் துடிப்பார்கள். அனுமதிக்கலாகாது. முதற் பதினான்கு நாள் அது தனித்திருக்க வேண்டும். வீட்டு நாய் இருந்தால் அதனருகே செல்லவே கூடாது. பார்வோ என்னும் கொடிய வயிற்றுநோய்க் கிருமி உடலிற் புகுந்து, வெளித்தெரிவதற்குச் சில நாள் முதல் இரண்டு கிழமைவரை செல்லும். இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் ஓயாத வாந்தியும் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. இக்கிருமி 1978 அளவில் உலகுக்குத் தெரியவந்தது. மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். மன்னார் வளவென்றால் எங்கும் மணல். மணலைக் கழுவ முடியுமா? அதனால் குட்டிக்கு உரிய இடம் விறாந்தையின் சீமெந்துத் தரை. குளோரின் நீர் ஊற்றி அதனைக் கழுவிவிடலாம். மரப்பெட்டி ஒன்று, பழஞ்சாக்கு ஒன்று, காற்றுத் தடுக்க ஒரு மறைப்பு. வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் குட்டிக்குச் சூடு சோற்றைவிட முக்கியம்.

சோறு என்றதும் ஒரு சொல். பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டம் தருகிறது. இரக்கத்தால் கிண்ணம் நிறையப் பால் வார்த்துக் குட்டியைச் சாகக் கொடுத்தவர் உண்டு. குழைந்த சோறும், அவித்து முள் நீக்கிய மீனும், சிறிது சிறிதாக நாளுக்கு நான்கு முறை கொடுப்பது நன்று. கருவாட்டு உப்பும் வெங்காயமும் ஆகா. சொக்கிலேற்று நாய்க்கு நஞ்சு, திராட்சையும் அவ்வாறே. மனிதரின் காய்ச்சற் குளிசையைக் கொடுக்கவே கூடாது. சொறி பிடித்த நாய்க்கு மோட்டார் வண்டியின் கழிவெண்ணெய் பூசுகிற வழக்கம் ஒன்று நம் ஊர்களில் இருக்கிறது. நாய் அதனை நக்கும். நக்கினால் உள்ளுறுப்புகள் கெடும். சொறிக்கு இன்று நல்ல மருந்துகள் உள்ளன. கால்நடை வைத்தியர் தருவார். உண்ணியும் தெள்ளும் வயிற்றுப் பூச்சியும் அவ்வாறே மருந்துக்கு அடங்குவன. ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் முதலூசி போடத் தொடங்கி, நான்கு மாதம் நிறையும்வரை சில கிழமைக்கு ஒருமுறை திரும்பப் போடுவிக்க வேண்டும். விசர்நோய் ஊசியின் காலத்தை வைத்தியரே குறித்துத் தருவார்.

பெற்றோர் ஒன்றை மறக்கலாகாது. குட்டியாயினும் விசர்நோய் அதனிடம் இருக்கக்கூடும். கடியோ பற்கீறலோ எத்துணைச் சிறியதாயினும், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய் வெளிப்பட்டபின் மருந்து இல்லை. வெளிப்படுமுன் போடும் ஊசி காப்பாற்றுகிறது. 1885இல் பாஸ்டர் ஒரு சிறுவனுக்குப் போட்ட ஊசியிலிருந்து வந்த கொடை அது. ஏச்சுக்கு அஞ்சிப் பிள்ளை கடியை மறைப்பதே மிகப் பெரிய ஆபத்து. எங்கள் வீட்டில் நாய் விடயத்தில் பிள்ளைகளுக்கு ஏச்சு இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டோம்.

இரண்டு கிழமை சென்றபின் பிள்ளைகளின் காலம் தொடங்குகிறது. நாய்க்குட்டி உலகத்தை அறிந்துகொள்ளும் வாசல் மூன்றாம் கிழமை முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் கிழமைவரை திறந்திருக்கும். அமெரிக்காவில் ஸ்கொட், புல்லர் என்னும் இரு அறிஞர்கள் பல ஆண்டு ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்ட செய்தி இது. அக்காலத்துள் மனிதக் கையை அறியாத குட்டி, பின்னர் மனிதரைக் கண்டால் ஒதுங்கும். அல்லது பயத்தால் கடிக்கும். கூண்டிலே இருபது நாயோடு வளரும் குட்டிக்கு இப்பழக்கம் எங்கிருந்து வரும்? வீட்டிலே வரும். தும்புத்தடியின் ஓசை, அம்மியின் ஓசை, மோட்டார் சைக்கிள், அழும் குழந்தை, தாடி வைத்த பெரியவர், குடை பிடித்த மூதாட்டி என்று ஒவ்வொன்றாய் அதற்குப் பழக்கமாகிறது. மன்னார்ப் பட்டினத்துக் குட்டிக்குத் தேவாலய மணியும் பள்ளிவாசல் அழைப்பும் கோயில் மேளமும் ஒரே நாளில் பழகிவிடும். இந்த வசதி எல்லா ஊருக்கும் வாய்ப்பதன்று.

மூன்று சமயத்தாரும் நாயைப் பற்றி நல்லதோர் கதை வைத்திருக்கிறார்கள் என்பதையும் மாணவர் கவனிக்கலாம். நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்தவர் தருமர். வைரவரின் வாகனமும் நாயே. நோயுற்றுக் காட்டில் கிடந்த புனித ரோக்குக்கு அப்பம் கொண்டுவந்து கொடுத்தது நாய் என்பர் கத்தோலிக்கர். தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றுநீர் அள்ளிக் கொடுத்தவரின் பாவத்தை இறைவன் மன்னித்தான் என்பது இஸ்லாமிய மரபு. வீட்டுக்குள் நாயை ஏற்காத முஸ்லிம் அன்பர்கள் வாயிலுக்கு வெளியே தண்ணீர் வைப்பதை இவ்வூரில் காண்கிறோம். கொடுமை செய்யாமைக்கு எல்லாரும் ஒரே வீட்டு வழக்கம் வைத்திருக்க வேண்டியதில்லை.

கறுப்பியும் செம்பியும்

ஒருமுறை பஸ் நிலையத்தருகே உரப்பையில் கிடந்த மூன்று குட்டிகள் எங்களிடம் வந்தன. ஒன்று கடுவன், இரண்டு பெட்டை. பிரியப்போகும் குட்டிக்குப் பெயர் வைத்தால் பாசம் மிகும், வைக்கலாகாது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. நிரை காத்து மாண்ட வீரனோடு அவன் நாயும் அக்கல்லிலே செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துச் சிற்றூரார் நாயின் பெயரை மறவாமல் கல்லில் வெட்டினர். நாம் பத்துக் கிழமை வளர்க்கும் குட்டியைப் பெயர் சொல்லி அழைத்தால் என்ன குறைந்துவிடும்? என் மகள் மணியன், கறுப்பி, செம்பி என்று வைத்தாள்.

மணியனைக் கேட்டு முதற் கிழமையிலேயே மூவர் வந்தனர். ஊசிகள் முடியட்டும் என்று சொல்லி வைத்தோம். பேசாலையிலிருந்து மீன்பிடிக்கும் இளைஞர் ஒருவரும் வந்தார். அதற்குள் மணியன் போய்விட்டிருந்தான்.

"கடுவன் இல்லையோ, மாஸ்டர்?"

"அது போயிட்டுது தம்பி. இது ரெண்டும் பெட்டை."

"பெட்டையெண்டால் அம்மா படலைக்குள்ள விடமாட்டா. குட்டி போட்டால் ஆர் பாக்கிறது, சொல்லுங்கோ."

குற்றமாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார். அவருக்குப் பின் வந்தவர்களும் வால்தூக்கிப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்கள். கிழமைகள் மாதங்களாயின. இரண்டு பெட்டைகளும் வளர்ந்து, விறாந்தைக்கு அடங்காமல், என் வேட்டிக் கரையைக் கடித்துக்கொண்டு திரிந்தன. மனைவியார் ஓரிரவு கணக்குப் பார்த்தார்: இன்னும் ஒருவரும் வராவிட்டால் இவற்றை வைத்திருக்கத்தானே வேண்டும்? வைத்திருந்தால் அடுத்த உரப்பைக்கு இடம் எது?

செவிலி வீடுகள் மூடப்படுவது இங்கேதான். வெறுப்பினால் அன்று, பாசத்தினால். முதற் குட்டியைப் பிரிய மனமின்றித் தாமே வைத்துக்கொள்கிறார்கள், இரண்டாவதையும் வைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது வரும்போது வீடு நிறைந்துவிடுகிறது. ஒரு குட்டிக்கு வீடு கிடைத்தது உண்மையே. ஆனால் பத்துக் குட்டி கடந்துபோகக்கூடிய வாசல் அடைபட்டுவிட்டது.

ஆறு மாத அளவில் கறுப்பிக்கும் செம்பிக்கும் சத்திரசிகிச்சை செய்வித்தோம். கருப்பையை நீக்கும் அந்தச் சிகிச்சைக்கு நாய் உணவின்றி மயக்கமருந்தின் கீழ் கிடக்கும். பத்து நாளளவில் தையல் ஆறும். அதுவரை நக்காதபடி கழுத்துக்கு வளையம். முதற் பருவத்துக்கு முன்னரே செய்வித்தால் பின்னாளில் முலைப்புற்று வருவது மிகக் குறையும்; கருப்பையில் சீழ் கோர்த்துச் சாகும் நோயும் இல்லை. இவற்றையெல்லாம் நான் வீட்டுக்கு வந்தவரிடம் விளக்கினேன். அவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் அவர்கள் மனத்தை மாற்றியது வைத்திய நூல் அன்று. பேசாலை இளைஞர் மறுபடி வந்தபோது கேட்டது ஒரே கேள்வி.

"இனிக் குட்டி போடாதோ, மாஸ்டர்?"

"போடாது."

"சத்தியமாவோ?"

"டொக்டரின்ர துண்டு இருக்குது தம்பி. கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டுங்கோ."

இரண்டாம் நாள் தாயாரும் கூட வந்தார். கறுப்பியைத் தடவிப் பார்த்தார். கடுவனைவிடப் பெட்டை வீட்டில் தங்கும், ஊர்சுற்றாது என்று அவரே எங்களுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். செம்பியை முருங்கனுக்கு அப்பால் வயலும் வளவுமாக இருக்கும் குடும்பம் ஒன்று கொண்டுபோயிற்று. இரண்டு குட்டிகளையும் ஒருவர் வேண்டாமென்று தள்ளிய காரணத்தைச் சத்திரசிகிச்சையே நீக்கிற்று. ஆகையால் பெட்டையைச் சத்திரசிகிச்சைக்குமுன் கொடுப்பதில்லை என்பதை வீட்டுக் கட்டளையாக்கிக்கொண்டோம். முன்னரே கொடுக்க நேர்ந்தால், உரிய மாதத்தில் திரும்பக் கொண்டுவருவதாக எழுதி வாங்க வேண்டும்.

கொடுக்கும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. வளவுக்கு வேலி உண்டா, பகலில் யார் இருப்பார், தொழிலுக்கு வெளியூர் போனால் யார் சோறு வைப்பார், சங்கிலியில் எந்நேரமும் கட்டி வைப்பாரா என்று கேட்கிறோம். கடைசிக் கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால் நான் கொடுப்பதில்லை. வைத்திருக்க முடியாமற் போனால் தெருவில் விடாமல் எங்களிடமே திருப்பித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். முதற் கிழமையில் ஒருமுறையும், இரண்டாம் மாதத்தில் ஒருமுறையும் போய்ப் பார்க்கிறோம். பெண் கொடுத்த வீட்டார் செய்வதைத்தானே செய்கிறோம்!

எல்லா நாய்க்கும் இது பொருந்தாது. சந்தையில் ஐந்தாண்டு வாழ்ந்து, ஒவ்வொரு கடைக்காரரையும் அறிந்த நாயை வீட்டுக்குள் அடைப்பது அதற்குத் தண்டனை. அதற்கு ஊசியும் கருத்தடையும் போதும். தன் தெருவிலேயே இருக்கட்டும். கால் முறிந்தும் கண் கெட்டும் எவரும் ஏற்காதவற்றுக்கு நிலையான சரணாலயம் வேண்டும். சிவபூமி அறக்கட்டளையினர் இயக்கச்சியில் நிறுவியதைப் போன்றவை வடக்கில் இன்னும் சில வேண்டும். ஆனால் குட்டிகளைச் சரணாலயத்துக்கு அனுப்புவது சரியன்று. கூட்டத்தில் நோய் பரவும். பழகும் வாசலும் அடைபடும். குட்டிக்கு வீடே இடம்.

பிரிவின்போது பிள்ளைகள் அழுவார்களே என்று பல தாய்மார் கேட்கின்றனர். அழுவார்கள். அமெரிக்காவில் பார்வையிழந்தோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றும் சீயிங் ஐ என்னும் நிறுவனம் 1929இல் தொடங்கியது. அதன் குட்டிகளை நாட்டுப்புறச் சிறுவர் சிறுமியரின் வீடுகளில் ஓராண்டளவு வளர்க்கக் கொடுக்கும் வழக்கம் 1940களிலேயே உண்டாயிற்று. ஓராண்டு கூடவே உறங்கி எழுந்த நாயை, ஒருநாள் அந்தப் பிள்ளையே கொண்டுபோய் ஒப்படைக்கிறது. அடுத்த மாதம் இன்னொரு குட்டி கேட்டு அதே பிள்ளைகள் வந்து நிற்பதுண்டு. என் மகள் செம்பி போன அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாட் காலையில் மரப்பெட்டியைக் கிணற்றடிக்குத் தானே இழுத்துக்கொண்டு போய்க் கழுவி வெயிலில் வைத்தாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

தொடங்க விரும்புவோர் முதலில் தம் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சென்று ஊசி, கருத்தடை முகாம் ஆகியவற்றின் நாள்களைக் கேட்டறிக. விசர்நோய்த் தடுப்பூசி அரசாங்கத்தால் இலவசமாகப் போடப்படுகிறது. மற்ற ஊசிகளுக்கும் சத்திரசிகிச்சைக்கும் பணம் வேண்டியிருக்கலாம். அது ஒரு வீட்டுக்குப் பாரமானால், நான்கு வீடு சேர்ந்து ஒரு வீட்டைச் செவிலி வீடாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் இடம், ஒருவர் மீன், ஒருவர் வாகனம், ஒருவர் செலவு. எங்கள் தெருவில் அப்படித்தான் நடக்கிறது. ஒரு நேரத்தில் இரண்டு குட்டிக்கு மேல் ஏற்க வேண்டாம். மூன்றாவதை இன்னொரு தெருவுக்குச் சொல்லுங்கள்.

பேசாலையிலிருந்து போன கிழமை செய்தி வந்தது. கறுப்பி விடியற்காலையில் கரைக்குப் போய்ப் படகுக்குக் காத்திருக்கிறதாம். வேறு படகு வந்தால் திரும்பியும் பார்ப்பதில்லையாம். பக்கத்து வீட்டாரும் அதைப் போலக் குட்டி போடாத பெட்டை ஒன்று கேட்கின்றனர். விறாந்தையில் இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டும் பெட்டை. சத்திரசிகிச்சைக்கு இன்னும் மூன்று மாதம் செல்லும் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.